ஜாமீன் நின்றவர்

வாசகசாலைக்குள்ளே ஏழெட்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அப்படியும் அச்சுதன் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தார்.

புனேவின் கட்கி பஜாரில் காய்கறி வாங்கிவிட்டு ரிக்‌ஷாவுக்குக் காத்திருந்த பார்கவி, மழைத் தாரைகளின் ஊடே எதிர்ப்பக்கம் அவரைப் பார்த்தாள். தூணை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு, வெறுமனே. போன வாரமும் அதே இடத்தில்தான் நின்றிருந்தார். வேலையில்லாத கிழம் என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

பார்கவி சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். கணவன் கோகுல்நாத்துக்குச் சாகணில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் புனேவுக்கு வந்து சேர்ந்தவள். வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த வாசகசாலையை முதன்முதலில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. அவள் ஊரில் நூலகம் என்றால் கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று, வைத்த மாத்திரத்தில் புத்தகத்தைப் பதிந்துகொள்ளும் இயந்திரம். இங்கே அந்துருண்டை நாற்றம், செங்கல் முட்டுக்கொடுத்த அலமாரிகள், பேப்பரின் மேல் வாய் பிளந்து தூங்கும் பென்ஷன்காரர்கள்.

உறுப்பினராகச் சேரக் கேட்டபோது, நூலகர் ராஜஸ்ரீ அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னாள். “ஃபாரினர்னா உள்ளூர் மெம்பர் யாராவது ஜாமீன் நிக்கணும், மேடம்.”

“இந்தக் குப்பைக்கா?”

மூலையில் மராத்திப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்தார். அச்சுதன். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கமிருந்து கட்கிக்கு வந்துவிட்ட குடும்பம்.

“தமிழாம்மா நீங்க? சிந்தா பண்ணாதீங்க, கவல வேணாம். பொஸ்தகம் திரும்பி வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்.”

அந்தத் தமிழைக் கேட்டுப் பார்கவிக்கு உதடு கோணியது. அட்டை கிழிந்த ஒரு தமிழ் நாவலை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டில் நாலு பக்கம் புரட்டியதோடு சரி. தாளெல்லாம் பழுப்பு, ஓரமெல்லாம் எச்சில் தொட்டுப் புரட்டிய கறை. பழைய பேப்பர்காரன் வந்தபோது மற்ற குப்பையோடு அதையும் தூக்கி அவன் சாக்கில் போட்டாள். ராஜஸ்ரீ போன் செய்து கேட்டபோதெல்லாம், “கொண்டு வரேன்” என்று சொல்லி வைத்தாள். இதை யார் தேடி அழப்போகிறார்கள்?

ஆடி மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், ரிக்‌ஷா எதுவும் கிடைக்காமல், அவள் அந்த வாசலிலேயே ஒதுங்க வேண்டிவந்தது. அச்சுதன் நின்றிருந்தார். ஈரத் துணியின் வாடையும், அதற்கு அடியில் பழுத்து அழுகிய பழத்தின் வாடையும் அவரிடமிருந்து வந்தன.

“பொஸ்தகம் எடுத்தாந்தீங்களாம்மா?”

“இன்னும் முடிக்கல.”

“சீக்கிரம் முடிச்சிடுங்க. காலு மரத்துப் போச்சு.”

“உட்காருங்களேன். யார் வேணாம்னா?”

“உக்கார வரலம்மா.”

குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். பார்கவி கீழே பார்த்தாள். செருப்பின் வாரை யாரோ அறுத்துவிட்டிருந்தார்கள். பாதங்கள் ஊதி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கத்தரிக்காய் நிறத்தில் மினுங்கின. தோல் வெடித்த இடத்தில் நீர் கசிந்தது.

நாடகம் என்று நினைத்தாள். பரிதாபத்தைக் காட்டியே காரியம் சாதிக்கிற ஊர். நனைந்தாலும் பரவாயில்லை என்று மழையில் இறங்கி நடந்தாள்.

சில நாள் கழித்து ராஜஸ்ரீயின் போன் வந்தது. “அச்சுதன் காகா போயிட்டார். எப்போ போனார்னே தெரியல, மேடம். நின்னுட்டுத்தானே இருக்கார்னு யாரும் கிட்டப் போய்ப் பார்க்கல.”

பார்கவிக்கு ஒரு நிம்மதி வந்தது. “ஐயோ பாவம். அப்போ அந்த விஷயம் முடிஞ்சது, இல்லையா?”

“எப்படி முடியும்? புஸ்தகம் வரலையே. வேற யாராவது நிக்கிற வரைக்கும் அவர்தான் ஜாமீன்.”

“பைத்தியங்கள்” என்று தமிழில் சொல்லிப் போனை வைத்தாள்.

அன்று மாலை கரண்ட் போயிற்று. லிப்ட் பாதியில் நின்று முனகி அடங்க, மழையின் இரைச்சலும் பக்கத்து வீட்டுக் குக்கரின் விசிலும் ஓய்ந்த ஓர் இடைவெளியில், வாசல் கதவுக்கு வெளியே யாரோ உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிற சத்தம், ஈரம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம், நிதானமாகக் கேட்டது. அவள் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தாள். வராந்தாவின் மங்கலில், கதவைப் பார்த்தபடி, கைகளைத் தொங்கவிட்டு.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. நின்றார்.

மறுநாள் அவர் வீட்டுக்குள்ளே, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தார். வேலைக்கு வந்த லீலா தரையைத் துடைத்தாள். அவளுடைய துணி அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போனது. கேட்டால், துடைத்துவிட்டேனே என்றாள். அதற்கடுத்த நாள் டிவிக்குப் பக்கத்தில். வீடு முழுக்க அந்தப் பழவாடை. ராத்திரி வீட்டுக்கு வந்த கோகுல்நாத் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. அவனிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். இப்படிப்பட்ட கதைகளுக்கு அவளே சிரிப்பவள்.

வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரம். அவர் சோபாவுக்கு அருகே வந்திருந்தார். கை நீட்டினால் தொடும் தூரம். கண்கள் அவள்மேல். கோபமே இல்லாத கண்கள். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. பயத்தையும் மீறி உள்ளே எரிச்சல்தான் முந்திக்கொண்டு வந்தது. ஒரு கிழவன். ஒரு கிழிந்த புத்தகம். இதற்கா?

“போதும்,” என்றாள். பிச்சைக்காரனை விரட்டுகிற அதே குரல். “உட்காருங்க. நான் நிக்கிறேன். போதுமா?”

சோபா முனகியது.

மெத்தை அமுங்கியது. மெதுவாக. மிக மெதுவாக.

நீண்ட பெருமூச்சு ஒன்று.

வாசல் பூட்டு திறந்தது. கோகுல்நாத் மழைக்கோட்டை உதறியபடி உள்ளே வந்து விளக்கைப் போட்டான். “என்ன, நடு ஹால்ல நின்னுட்டிருக்கற? உக்காரு.”

உட்காரப் பார்த்தாள்.

முழங்கால் மடங்கவில்லை.

இன்னொரு முறை. கைகளால் தொடையை அழுத்தினாள். கட்டையை அழுத்துவது போல இருந்தது. வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

“நல்லா டயர்டுப்பா,” என்று சொல்லிக்கொண்டே அவன் சோபாவில் சாய்ந்தான். அச்சுதன் சற்று நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார். பிறகு குனிந்து, ஊதிய பாதங்களை ஒவ்வொன்றாக மடிமேல் எடுத்து வைத்து, விரல்களைப் பிரித்துப் பிரித்து நீவிக்கொள்ளத் தொடங்கினார்.