அண்ணி வாய் திறக்கவில்லை

"அந்தப் பன்னிரண்டு வார்த்தை உனக்கு மட்டும்தானே தெரியும்? அப்போ யாரு எடுத்தா?"

விடிந்ததிலிருந்து அவன் இதையே கேட்டுக்கொண்டிருந்தான். வீடு வாங்கவென்று கிரிப்டோவில் சேர்த்ததெல்லாம் துடைத்தெடுத்தாற்போல் போயிருந்தது. கணக்கைத் திறக்கும் ரகசிய வார்த்தைகளை எங்கும் எழுதக் கூடாதென்று மனைவியை மனப்பாடம் செய்யச் சொன்னவனும் அவன்தான்.

"உன் தம்பிக்குக் கொடுத்தியா? சொல்லித் தொலை..."

"நான் யாருக்கும் பணம் கொடுக்கலைங்க."

"உன்னைப் போய் நம்பினானே..." மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

கதவோரம் நாத்தனார் வெளிறிப்போய் நின்றாள். போன மாதம் அண்ணி ஆபரேஷனுக்குப் போகுமுன், தனக்கு ஏதாவது ஆனால் பணம் முடங்கிவிடுமே என்று பயந்து அவளிடம்தான் அந்த வார்த்தைகளைச் சொல்லிவைத்தாள். நேற்று அண்ணன் குளிக்கும்போது அவன் கைப்பேசியில் வந்த அழைப்பை நாத்தனார் எடுத்தாள். கணக்கை முடக்கப் போகிறோம் என்று ஒருவன் மிரட்ட, எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா நான் எங்க போவேன் அண்ணி?" புருஷன் கைவிட்டு வந்தவள் காலைப் பிடித்து அழுதபோது, சொல்ல மாட்டேன் என்று அண்ணி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

கைப்பேசி ஒலித்தது. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"போன பணத்தை மீட்டுத் தர்றோம் சார். கட்டணத்தை மட்டும் முதல்ல அனுப்பிடுங்க."

அவன் முகத்தில் உயிர் வந்தது. "அம்மா, சங்கிலியைக் கழட்டுங்க. வித்துட்டு வந்திடறேன்."

"வேணாங்க," என்று குறுக்கே வந்தாள் மனைவி. "மீட்டுத் தர்றேன்னு முன்பணம் கேக்கறவனும் திருடன்தாங்க."

"மாட்டிக்குவோம்னு பயமா உனக்கு?"

சங்கிலியைக் கழற்றப்போன மாமியாரின் கையை அவள் பிடித்துத் தடுத்தாள்.

நாத்தனார் பாய்ந்து அழைப்பைத் துண்டித்தாள். "நேத்து வந்ததும் இதே குரல்தான் அண்ணா... பயப்படாதீங்க மேடம்னு சொல்லிச் சொல்லியே கேட்டான். நான்தான் சொல்லிட்டேன். அண்ணி எனக்காகத்தான் இவ்வளவும் வாங்கிக் கட்டிக்கிட்டாங்க..."

அவன் கை ஓங்கினான். மனைவி நடுவில் வந்து நின்றாள்.

"ஏமாந்தவளை அடிச்சா ஏமாத்தினவன் கிடைச்சிடுவானா? நானும் அந்த வார்த்தைகளை இவகிட்ட சொல்லியிருக்கக் கூடாது. அந்தத் தப்பு என்னோடது."

ஓங்கிய கை தானாகத் தொங்கியது. "என்னை மன்னிச்சிடு..."

"பணம் போனதுக்குக்கூட நான் அழலைங்க. திருடின்னு நினைச்சீங்களே..." கைப்பேசியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "மிச்சக் கணக்குக்கெல்லாம் இப்பவே பாஸ்வேர்டை மாத்துங்க. நாங்க போலீசுக்குப் போறோம்."

தேம்பிக்கொண்டிருந்த நாத்தனாரை அணைத்தபடி அவள் படியிறங்கினாள்.

"கொஞ்சம் நில்லும்மா," என்று மாமியார் செருப்பைத் தேடினாள். "நானும் வர்றேன்."