மூன்று மசாலாப் புள்ளிகள்

ஜுவைரியாவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

வாசலுக்குப் போனாள். தெருவை எட்டிப் பார்த்தாள். உள்ளே வந்து கணினிக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்து அடுப்படி. அடுப்படியிலிருந்து மறுபடியும் வாசல்.

"காலைக் கொஞ்சம் தரையில வை பிள்ளை. உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது," என்றார் உம்மா.

எப்படி வைப்பது? வீட்டுக் கணினி இன்று புது ஆளாக மாறியிருந்தது. அதை உம்மாவுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?

உம்மாவின் பெயர் சஜிதா. வீட்டிலேயே அழைப்புப் பத்திரிகை அடித்துத் தருவதுதான் அவர் வேலை. நிக்காஹ், காதணி விழா, கடைத் திறப்பு என்று காரைக்காலில் யார் வீட்டு விசேஷமானாலும் அவரிடம் வருவார்கள். அவர் எழுத்தெல்லாம் அடித்து, ஓரத்தில் பூ வைத்து, அழகாக்கி அச்சகத்துக்கு அனுப்புவார். வாப்பா குவைத்தில் இருந்தார். ஜுவைரியா பள்ளியிலிருந்து வரும்போதெல்லாம் உம்மா கணினி முன்னால்தான் இருப்பார். கதவு திறந்தே இருக்கும்.

ஆனால் அந்தக் கணினிக்கு வயதாகிவிட்டது. உம்மா அதை முடுக்கிவிட்டு உலை வைக்கப் போவார். சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பாதி வேலையில் உறைந்து போகும். அடித்ததெல்லாம் காணாமல் போகும்.

போன வாரம் பாரதியார் வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நடராசன் போன் செய்தார். "எங்க கடைக்கே வந்துடுங்கம்மா. புது கம்ப்யூட்டர் இருக்கு. மத்தியானம் வந்தா ராத்திரி எட்டு மணிக்குப் போயிடலாம்."

உம்மா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து ஜுவைரியாவின் கண்ணுக்குள் ஒரு பூட்டுதான் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டு வரும்போது கதவில் தொங்கும் பூட்டு. எட்டு மணிவரை அடுத்த வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால்தான் அவள் அஜ்மீர் நானாவுக்குப் போன் மேல் போன் போட்டாள். அஜ்மீர் அவளுடைய பெரியம்மா மகன். புதுச்சேரியில் இன்ஜினியரிங் படிக்கிறான்.

"மிஷினு நல்லாத்தான் இருக்கு ஜுவை," என்றான் அவன். "புது விண்டோஸைத் தூக்கிச் சுமக்க அதுக்குத் தெம்பு இல்ல. லினக்ஸ் போட்டுடலாம். எடை குறைவு. ஓடும் பாரு."

கணினிக்குள் இருந்து எல்லா வேலையையும் நடத்திவைக்கும் மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ் ஓர் இயங்குதளம். லினக்ஸ் இன்னொன்று. சனிக்கிழமை வந்த அஜ்மீர் ஒன்றை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டான். உம்மா பழகியிருந்த தமிழ் விசை அமைப்பையும் எழுத்துருக்களையும் ஏற்றினான்.

இதோ, ஞாயிற்றுக்கிழமை காலை. பொத்தானை அழுத்தியதும் திரை பளிச்சென்று வந்தது.

"அட!" என்றார் உம்மா. "நான் இன்னும் உலையே வைக்கலியே!"

ஜுவைரியா ஒரு குதி குதித்தாள். அஜ்மீர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. நாலு வீடு தள்ளி இருக்கும், உம்மா அக்காவாக நினைத்து லாத்தா என்று கூப்பிடும் கமர் நிஷா வந்தார். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ்.

"பத்திரிகை இன்னைக்கு அச்சகத்துக்குப் போயாகணும் சஜிதா. மாப்பிள்ளை வீட்டுலேர்ந்து ரெண்டு தடவ கேட்டுட்டாங்க."

"உட்காருங்க லாத்தா. புது மிஷினு. முத வேலை உங்களுதுதான்."

உம்மா கைகழுவி வந்து உட்கார்ந்தார். வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். யார் பத்திரிகையானாலும், எவ்வளவு அவசரமானாலும், முதலில் பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 என்று அடித்த பிறகுதான் அவர் அடுத்த எழுத்தைத் தொடுவார். கடைத் திறப்புப் பத்திரிகையில்கூட அடித்துவிட்டு, அப்புறம் அழிப்பார். தொழில் பழகிய நாளிலிருந்து அப்படித்தான்.

உம்மா அடித்தார்.

பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

மறுபடி அடித்தார். ஒன்றும் வரவில்லை.

"என்னப்பா இது?"

"தள்ளுங்க சாச்சி," என்று சித்தியிடம் சொல்லி அஜ்மீர் குனிந்து அடித்தான். 786 என்று அழகாக வந்தது. "இருக்கே!"

அழித்துவிட்டு உம்மா அடித்தார். வரவில்லை.

ஜுவைரியா கையை நுழைத்து அடித்தாள். வந்தது.

உம்மா அடித்தார். வரவில்லை.

கமர் நிஷா வாயில் விரலை வைத்தார். "ஏ சஜிதா, ஓதித்தான் பாக்கணும் போலருக்கே இதுக்கு!"

அஜ்மீர் 'க்ளுக்'கென்று சிரித்துவிட்டான். உம்மா சிரிக்கவில்லை. தன் விரல்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெதுவாக மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு என் கையைப் பிடிக்கல," என்றார்.

"அப்படியெல்லாம் இல்ல சாச்சி. நீங்க மத்ததை அடிங்க. அதை மட்டும் ஜுவை அடிச்சுக் குடுப்பா."

"அதெப்படி? முத எழுத்து என் கையால வரலேன்னா மத்த வேலை எப்படி ஓடும்?"

அஜ்மீர் எதையெதையோ திறந்து பார்த்தான். எழுத்துருவை மாற்றினான். கணினியை அணைத்து மறுபடி முடுக்கினான். உம்மா அடித்தார். வரவே இல்லை.

"பழசையே போட்டுடு அஜ்மீரு," என்றார் உம்மா. குரல் அமைதியாக இருந்தது. ஜுவைரியாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. "அது மெதுவா வந்தாலும் என் பேச்சைக் கேட்டுச்சு."

"போடலாம். ஆனா பழைய ஆமை வேகந்தான் சாச்சி. அப்புறம் என்னையத் திட்டக் கூடாது."

"உன்னை ஏன் திட்டறேன்? நாளையிலேர்ந்து நான் நடராசன் கடைக்கே போயிடறேன். லாத்தா, உங்க பத்திரிகையை அங்க வச்சு அடிச்சுத் தந்துடறேன்."

"நாளைக்கா?" என்றார் கமர் நிஷா. முகம் சுண்டிவிட்டது. "சரி, சாயங்காலம் அசர் தொழுதுட்டு வரேன். அதுக்குள்ள ஏதாச்சும் வழி இருந்தா பாரு."

பழைய விண்டோஸ் அஜ்மீரின் பென் டிரைவில் இருந்தது. மூன்று மணிக்கு அவனுக்குப் புதுச்சேரி பஸ். "மத்தியானம் ளுஹர் தொழுதுட்டு வந்து மாத்திடறேன்," என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினான்.

உம்மா மீன் பொரிக்கப் போய்விட்டார்.

ஜுவைரியா மட்டும் கணினியின் முன்னால். 786 அடித்தாள். வந்தது. அழித்தாள். அடித்தாள். வந்தது. எழுந்து வாசலுக்குப் போனாள். நிலைக்கதவில் பூட்டு மாட்டும் கொண்டி கண்ணில் பட்டது. சட்டென்று உள்ளே ஓடி வந்தாள். இடது கையால் அடித்தாள். வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். வந்தது. முழங்கையால்கூட அடித்துப் பார்த்தாள். என்னென்னவோ வந்தது.

கணினிக்குக் கண் இல்லை. யார் கை என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாதென்றால், உம்மா செய்வதும் தான் செய்வதும் ஒன்றில்லை. எங்கேயோ வேறுபடுகிறது. எங்கே?

காலையிலிருந்து எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட உம்மாவின் கையைப் பார்க்கவில்லை.

அடுப்படிக்கு ஓடினாள்.

"உம்மா, ஒரே ஒரு தடவை வந்து 786 அடிச்சுக் காட்டுங்க."

"கையெல்லாம் மசாலா. அதைத் தொட்டு வேற அசிங்கப்படணுமா நான்?" உம்மா சங்கரா மீன் துண்டு ஒன்றைப் புரட்டி மசாலா தடவினார். "விடு ஜுவை. நடந்தது நடந்துபோச்சு."

"கம்ப்யூட்டரை விடுங்க. இங்கயே, இந்த மேடையில அடிச்சுக் காட்டுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. காட்டுங்க."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கையை நீட்டி அடுப்பு மேடையில் டக், டக், டக் என்று தட்டிக் காட்டினார். "போதுமா? போ, எண்ணெய் தெறிக்கும்."

ஜுவைரியா போகவில்லை. மேடையையே பார்த்தாள்.

வெள்ளை டைல்ஸில் மூன்று சிவப்புப் புள்ளிகள். இரண்டு பக்கம் பக்கமாக. மூன்றாவது கொஞ்சம் கீழே இறங்கி, வலப்பக்கம்.

அவள் தன் விரல்களை அசைத்துப் பார்த்தாள். அவள் அடித்தால் மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் அல்லவா வரும்?

அடுத்த நொடி அவள் அடுப்படியில் இல்லை.

விசைப்பலகையின் மேல் வரிசையில் எண்கள் ஒரே கோட்டில் இருந்தன. அவளும் அஜ்மீரும் அடித்தது அங்கேதான். பள்ளியில் இருப்பதும் அஜ்மீரிடம் இருப்பதும் சின்ன மடிக்கணினிகள். அவற்றில் அந்த ஒரு வரிசைதான் உண்டு. ஆனால் உம்மாவின் பழைய விசைப்பலகையில் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனியாக ஒரு கட்டமும் இருந்தது. அங்கே ஏழும் எட்டும் பக்கம் பக்கமாக. ஆறு ஒரு வரிசை கீழே, வலப்பக்கம்.

கட்டத்தில் இருந்த 7, 8, 6-ஐ அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை.

"உம்மா!" என்று கத்தினாள். "எனக்கும் வரல!"

"அதுக்கு ஏன்டி இவ்வளவு சந்தோஷம்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டது.

ஆனால் ஏன் வரவில்லை? வெற்றுப் பக்கத்தில் இரண்டு வரி எதையோ அடித்துவிட்டு மறுபடி அழுத்தினாள். இப்போது ஒன்று நடந்தது. ஏழை அழுத்தினால், துடிக்கும் அந்தச் சின்னக் கோடு வரியின் தொடக்கத்துக்கு ஓடியது. எட்டை அழுத்தினால் மேலே ஏறியது. ஆறை அழுத்தினால் வலப்பக்கம் ஓர் எழுத்து தள்ளி நின்றது.

காலையிலிருந்து கணினி உம்மாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது! வெற்றுப் பக்கத்தில் ஓட இடம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

விசைப்பலகையைச் சன்னலோர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எட்டுக்குக் கீழே தேய்ந்துபோன ஓர் அம்புக்குறி. ஆறுக்குக் கீழே இன்னொன்று. அப்படியென்றால் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு வேலை. எந்த வேலை என்று யார் சொல்வது?

கட்டத்தின் மூலையில் 'நம் லாக்' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு விசை இருந்தது. அதுவரை அதை யாரும் தொட்டு அவள் பார்த்ததில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

விசைப்பலகையின் மேல் ஓரத்தில் ஒரு பட்டாம்பூச்சி பச்சையாக ஒளிர்ந்தது.

ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஜுவைரியா அழகுக்கு ஒட்டிய ஒட்டுப்படம் அது. அதற்கடியில் ஒரு குட்டி விளக்கு இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை.

7, 8, 6. மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

தொண்டைவரை வந்த கூச்சலை அவள் விழுங்கினாள். மூன்றையும் அழித்தாள். இரண்டு வரிகளையும் அழித்தாள். பக்கம் மறுபடி வெள்ளையானது. முதல் எழுத்து அவளுடையதாக இருக்கக் கூடாதே.

"உம்மா, கைகழுவிட்டு வாங்க."

"எதுக்கு?"

"வாங்களேன்!"

உம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, வேண்டாவெறுப்பாக, மூன்று விசைகளைத் தட்டினார்.

786.

உம்மா திரையைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"லாத்தா குடுத்த பேப்பரை எடு," என்றார்.

அஜ்மீர் பென் டிரைவோடு வந்தபோது மணமகன் பெயர்வரை அடித்தாகியிருந்தது. ஜுவைரியா சொன்னதைக் கேட்டு அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பழசுல அந்த விளக்கு தானா எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. புதுசுல அணைஞ்சு கிடந்திருக்கு. எனக்குத் தோணவே இல்ல பாரு!"

"படிக்கிறது இன்ஜினியரிங்," என்றாள் ஜுவைரியா.

"ஏய், மீன் துண்டு எனக்கு ஒண்ணு கூடுதலா வேணும். லினக்ஸ் போட்டது யாரு?"

கணினியை முடுக்கும்போதே விளக்கும் தானாக எரியும்படி அஜ்மீர் மாற்றிவைத்தான். சாப்பிட்டுக் கிளம்பும்போது கேட்டான், "பென் டிரைவு இங்கயே இருக்கட்டுமா சாச்சி? மனசு மாறிச்சுன்னா?"

"எடுத்துட்டுப் போயிடு. இருந்தா தினம் ஒரு தடவ மாத்தலாமான்னு தோணும். சேமிக்கிற இடத்தைக்கூட எங்கியோ கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கு இது. தேடிக்கிட்டு இருக்கேன்." உம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "பழகிடும்."

அசர் தொழுதுவிட்டு வந்த கமர் நிஷா வாசலிலேயே நின்று கேட்டார், "என்ன சஜிதா, ஓதிப் பாத்தியா?"

"எம் மக அமுக்கிப் பாத்தா லாத்தா. சரியாப் போச்சு."

பத்திரிகை அச்சகத்துக்குப் போனது. அப்புறம் உம்மா போனை எடுத்தார். ஜுவைரியா கதவோரம் ஒரு காலில் நின்றாள்.

"நடராசன் அண்ணனா? நான் சஜிதா. கடைக்கு வரல அண்ணே. ஆமா, வீட்டு மிஷினே ஓடுது. வேலை கூட இருந்தா குடுத்து அனுப்புங்க, இங்கயே முடிச்சுத் தரேன்."

ஜுவைரியா இன்னொரு காலையும் தரையில் வைத்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். எல்லாம் தெரிந்திருந்தும், தெருமுனை திரும்பும்போது அந்தப் பூட்டு ஞாபகம் வந்தது.

வீடு தெரிவதற்கு முன்னால் சத்தம் கேட்டது. டக், டக், டக்.

கதவு திறந்திருந்தது.

மீதித் தெருவை அவள் மெதுவாக நடந்தே கடந்தாள்.