சொல்லிக்கொண்டு போனவள்

வேன் அந்த இரண்டு பெண்களையும் இறக்கிவிட்ட இடத்தில் ஒரு கழிப்பறையும் ஒரு அறிவிப்புப் பலகையும் மட்டுமே இருந்தன. மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்றது பலகை. ஒரு காலத்தில் ரயில் ஓடிய பாதை அது. தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, சரளைக்கல் கொட்டி, சைக்கிள்காரர்களுக்கென்று விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் பனி மூடிய மலைகள், நடுவில் ஆறு, ஆற்றை ஒட்டியே நாற்பது கிலோமீட்டர். கார் இல்லை, லாரி இல்லை, ஹார்ன் இல்லை. இந்த அமைதிக்காகவே ஆக்லாந்திலிருந்து விமானம் ஏறி நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்கு வருகிறார்கள்.

தவராசாவும் போன வருஷம் அப்படித்தான் வந்தார். வாகனமே இல்லாத பாதையில் என்ன நடந்துவிடப் போகிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர், பதினெட்டாவது கிலோமீட்டரில், மூடுபனிக்குள், மரப்பாலத்திலிருந்து தவறி ஆற்றில் விழுந்து செத்துப்போனார்.

இப்போது அவர் மனைவி கம்சாயினி வந்திருக்கிறாள். ஆக்லாந்தின் ரானுயியில் வீடு, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, ஒன்பது வயதில் பிரணவி என்று ஒரு மகள். மகளைச் சான்ட்ரிங்ஹாமில் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுவிட்டு, கூட வேலை செய்யும் வித்தியாவைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். புருஷன் செத்த இடத்தைப் பார்த்து அழ வந்திருக்கிறாள், பாவம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழ வரவில்லை. அவரை விட்டுவிட்டுப் போக வந்திருந்தாள்.

தவராசா கை நீட்டுகிற மனுஷர் அல்ல. குடி கிடையாது. மகளுக்கு நல்ல அப்பா. அதுதான் கொடுமை, குறை சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கம்சாயினி வாசலைத் தாண்டுவதென்றால், குப்பைத் தொட்டியைத் தெருவில் வைக்கப் போவதானாலும் சரி, "போட்டு வாறன்", போய்விட்டு வருகிறேன், என்று சொல்ல வேண்டும். அவர் "ஓம்", சரி, என்னும்வரை செருப்பை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சில நாள் அந்த ஓம் உடனே வரும். சில நாள் தேத்தண்ணியை மிடறு மிடறாகக் குடித்து, கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் வரும். பஸ் போய்விடும், வேலைக்குப் பிந்தும், அவள் நிற்பாள். பன்னிரண்டு வருஷம் நின்றாள். அவசரத்தில் சொல்லாமல் போன ஒரே ஒரு நாளுக்காக அவர் மூன்று வாரம் அவளோடு பேசவில்லை.

செத்த பிறகாவது விட்டதா? முன்னறையில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைப் பார்த்து, வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் வேலைக்குப் போனாள். வாய் அப்படிப் பழகிக் கிடந்தது. ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு அவளுக்கு இந்த யோசனை வந்தது. செத்த வீட்டிலிருந்து புறப்படும்போது யாரும் சொல்லிக்கொள்வதில்லை. எழும்பினோமா, நடந்தோமா என்று போய்விட வேண்டும். வருகிறேன் என்று சொன்னால், சாவுக்குத் திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்த மாதிரி. அவர் செத்த இடம் அந்தப் பாலம். அங்கே போய், பூவை வைத்துவிட்டு, வாய் திறக்காமல் புறப்பட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லாமல் தன் வீட்டு வாசலைத் தாண்டலாம்.

"கதைக்காமல் வரவேணும், அவ்வளவுதானே?" என்றாள் வித்தியா, ஹெல்மெட்டை மாட்டியபடி. "உனக்கு அது பெரிய பாடெல்லோ. வாயில பிளாஸ்டர் ஒட்டிவிடட்டோ?"

"சும்மா இரடி," என்று கம்சாயினி சிரித்தாள்.

முதல் பதினைந்து கிலோமீட்டரும் உண்மையிலேயே சுகமாக இருந்தது. சக்கரத்துக்குக் கீழே கல் நொறுங்கும் சத்தமும் ஆற்றின் இரைச்சலும் தவிர வேறெதுவும் இல்லை. மரக்கிளைகளில் பாசி நரைத்த தாடி மாதிரித் தொங்கியது. பதினொரு மணி வெயில் முதுகில் விழுந்தது. பிரணவியையும் கூட்டி வந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தாள்.

பாலம் கண்ணில் பட்டபோது வெயில் இல்லை. ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி, பலகைகளுக்கு இடையால் கசிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த கல்லின் மணம். அதற்குள்ளே இன்னொரு வாடை, மழை நாளில் அவர் வேலையால் வந்து கதவுக்குப் பின்னால் கழற்றி மாட்டும் கம்பளிக் கோட்டின் வாடை.

வித்தியா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுகரைக்குப் போய்விட்டாள். கம்சாயினி பாலத்தின் நடுவில் நின்று, கொண்டுவந்த செவ்வந்திப் பூக்களைக் கைப்பிடிக் கம்பியின் அடியில் வைத்தாள். கும்பிட்டாள். உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். ஒரு காலை மிதியில் வைத்தாள்.

மற்றக் கால் நகரவில்லை. பழக்க தோஷம், நின்றுகொண்டிருந்தாள்.

"போட்டு வாறன்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது.

ஆற்றின் இரைச்சல் நின்றது.

பாலத்துக்குக் கீழே, மிகக் கிட்டத்தில், எந்த அவசரமும் இல்லாமல் ஒரு குரல்.

"ஓம்."

மறுகரைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வித்தியா அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஆரோட கதைச்சனி?"

"ஒருத்தரோடயும் இல்லை."

"பொய் சொல்லாத. ஆம்பிளைக் குரல் எனக்கும் கேட்டது." வித்தியாவின் உதடு வெளுத்திருந்தது. "கம்சா, நீ சொல்லிப்போட்டியோ?"

கம்சாயினி சைக்கிளில் ஏறினாள். மிச்ச தூரத்தை இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் மிதித்து முடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்தாள். சொல்லாமல் வேலைக்குப் போனாள். ஒன்றும் நடக்கவில்லை. பயந்து செத்தது மிச்சம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி மருந்து அறையில் தனியாக நின்று குளிசை எண்ணிக்கொண்டிருந்தபோது, தோளுக்குப் பின்னால் கேட்டது.

"எப்ப?"

திரும்பினாள். யாருமில்லை. ஈரக் கம்பளியின் வாடை மட்டும் இருந்தது.

பிறகு வெஸ்ட்கேட் கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில், சாமான் பைகளைத் தூக்கியபோது: "எப்ப வாறாய்?" பிறகு ரயிலில், பக்கத்துக் காலி இருக்கையிலிருந்து. கோபமே இல்லை அந்தக் குரலில். வாக்குக் கொடுத்தவளிடம் நாள் கேட்கிறார், அவ்வளவுதான். கம்சாயினிக்குச் சோறு இறங்கவில்லை. தன்னை நினைத்து அல்ல. தானும் போனால் பிரணவிக்கு இந்த நாட்டில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. வித்தியா கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து திருநீறு தந்தாள். பூசிக்கொண்டாள். அன்று மாலையும் கேட்டது.

பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த புதுச் சைக்கிள் ஓட்டப்படாமலே கராஜில் நின்றது. பிரணவி ஒரு மாதம் கெஞ்சினாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பளீரென்று வெயில் அடித்த காலை பத்து மணிக்கு, கம்சாயினி மனம் இரங்கினாள். நெடுஞ்சாலைக்குப் பக்கமாக, கண்டல் காட்டை ஒட்டிப் போகும் சைக்கிள் பாதை. அங்கே வாகனம் வராது. ஆனால் கார்களின் இரைச்சல் காதைப் பிளக்கும். அந்த இரைச்சலை நம்பித்தான் அவள் போனாள்.

பிரணவி முன்னால், அவள் பின்னால். சின்ன வளைவு ஒன்றைத் தாண்டியதும் கடல் பக்கமிருந்து வெள்ளையாக ஏதோ உருண்டு வந்து பாதையை மூடியது.

கார்களின் இரைச்சல் நின்றது.

சக்கரத்துக்குக் கீழே தார் இல்லை. கல் நொறுங்கியது.

"பிரணவி! நில்லு!"

மகள் நின்றாள். அவளுக்கு நாலு அடி முன்னால் மரப்பலகைகள் தொடங்கின. கைப்பிடிக் கம்பியின் அடியில் செவ்வந்திப் பூக்கள், இப்போதுதான் வைத்த மாதிரி வாடாமல் கிடந்தன. அதற்கு அப்பால், மூடுபனிக்குள், கம்பியில் சாய்ந்து யாரோ காத்துக்கொண்டு நின்றார்கள்.

கம்சாயினி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி மகளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, அந்த ஆளைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் வரமாட்டன்! வாய் தவறிச் சொன்னது. கேக்குதோ? இனி ஒருநாளும் வரமாட்டன்!"

கைகளுக்குள் பிரணவி என்னவோ முணுமுணுத்ததை அவள் கவனிக்கவில்லை. பிறகு உருவம் மெல்லத் தலையசைத்தது. சரி என்பதுபோல.

மூடுபனி விலகியது. கார்கள் இரைந்தன. ஒரு கிழவர் நாயைக் கூட்டிக்கொண்டு எதிரே வந்து "மோர்னிங்" என்றார். கம்சாயினி வெறும் தார்ப்பாதையில் முழந்தாளிட்டு, மகளை அணைத்தபடி ஓவென்று அழுதாள். பன்னிரண்டு வருஷத்துப் பாரம் இறங்கிவிட்ட அழுகை அது. இவ்வளவுதானா, முதலிலேயே ஒரு தடவை மாட்டேன் என்று சொல்லியிருந்தால் போதுமே என்று நினைத்து இடையில் சிரிக்கவும் செய்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, பிரணவியின் ஹெல்மெட் முழுக்க வெண்பனித்தூள் இருந்தது. ஆக்லாந்தில் பனி பெய்வதில்லை.

"டோன்ட் க்ரை, அம்மா," என்றாள் பிரணவி. "அப்பா கோபிக்கேல்லை."

ஆங்கிலத்தைத் தவிர வேறெதிலும் பதில் சொல்லாத பிள்ளை தமிழில் பேசியது கம்சாயினிக்கு ஒரு கணம் பிந்தித்தான் உறைத்தது.

"என்ன சொல்லுறாய்?"

"நீங்க வரமாட்டன் எண்டு சொன்னீங்கள்தானே. அப்ப ஆர் வாறது எண்டு அப்பா கேட்டார்."

"நீ... நீ என்ன சொன்னனி?"

"நான் வாறன் எண்டு சொன்னன்," என்று சொல்லிவிட்டு, பிரணவி அம்மாவின் கையை மெதுவாக விலக்கி, சைக்கிளைப் பாலம் இருந்த பக்கமாகத் திருப்பினாள்.