மூட்டத்துக்குள் ஒரு வாய் பால்

ராமேஸ்வரம்–மதுரை ரயிலில் அன்று எங்கள் பெட்டியில் இரண்டு மூட்டங்கள் இருந்தன. ஒன்று எதிர் இருக்கையில், இன்னொன்று நான்தான். தாய் ஒருத்தி மார்பைத் திறந்தால் போதும், எல்லோர் கண்ணிலும் உள்ள விழிவில்லை அவளைச் சாம்பல் மூட்டமாகக் காட்டிவிடும். நாணக்காப்புச் சட்டம் வந்து அறுபது வருஷம். யாரும் முறைப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை. நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், பிள்ளை பெறும் வரைக்கும்.

என் மகனுக்குப் பதினாறு நாள். எடை குறைந்துகொண்டே போனது. இன்று போய்க் காட்டும்போதும் இறங்கியிருந்தால் மூக்கு வழியே குழாய் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். நர்ஸ் மூட்டத்துக்குள் கையை விட்டுத் துழாவித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அம்மாவைக் கேட்டால், நானே பார்த்ததில்லை, மாவுப்பாலில்தான் உன்னை வளர்த்தேன் என்றாள். வீட்டில் வில்லையைக் கழற்றி என்ன பிரயோசனம், பார்த்துக் கற்க அங்கே பால் கொடுப்பவர் யாரும் இல்லையே? பொம்மைக்குப் புட்டி கொடுத்த பழக்கத்தில் அவனை மல்லாக்கப் போட்டு, காம்பின் நுனியை மட்டும் வாயில் திணிப்பேன். அவன் கத்துவான், நானும் அழுவேன்.

பரமக்குடி தாண்டியும் கத்தல் ஓயவில்லை. எதிர் மூட்டத்திலிருந்து குரல் வந்தது. "ஏத்தா, மல்லாக்கப் போட்டா புள்ள எப்புடி முழுங்கும்?"

தூக்கிவாரிப்போட்டது. இவள் எப்படி என்னைப் பார்த்தாள்? விசாரித்தேன். பெயர் ஆரோக்கியசெல்வி, மண்டபத்தில் கடல்பாசிப் பண்ணைக்கு மூழ்குகிறவள். உப்புத் தண்ணீரில் வில்லை நிற்காது என்று அந்தப் பெண்களுக்கு மட்டும் விலக்காம். ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கற்றுக்கொண்டவர்கள்.

"வில்லயக் கழத்திட்டு என்னயப் பாருத்தா" என்றாள்.

பொது இடத்தில் கழற்றினால் ஒரு வருஷம் பயண அட்டை முடங்கும். பக்கத்தில் இருந்த, சட்டத்தைச் சாமியாக நினைக்கும் என் கணவர் தெய்வேந்திரன் கையைப் பிடித்துத் தடுத்தார். உதறிவிட்டுக் கழற்றினேன்.

அம்மாடி! அந்தக் குழந்தையின் வயிறு அவள் வயிற்றோடு ஒட்டியிருந்தது. கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவளையம் வரை கவ்வியிருந்தது. தாடை அசையும்போதெல்லாம் காதுமடலும் ஆடியது. கடைவாயில் பால் வழிந்தது. மனுஷ குலம் இப்படித்தானா வளர்ந்தது? இதையா மூடிவைத்தோம்?

மகனை என் பக்கம் திருப்பி அணைத்தேன். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை வாய் நிறையக் கவ்வினான்.

வில்லையைக் கழற்றியதற்கு, என் மணிக்கட்டில் ஒளிர்ந்த பயண அட்டை அணைந்தது. கத்தல் நின்றதும் தெய்வேந்திரன் பதறிவிட்டார். அவர் கண்ணுக்கு நான் வெறும் மூட்டம்.

"புள்ளைக்கு என்ன ஆச்சு? என்ன சத்தம் அது?"

"பால முழுங்குறான்ங்க."

அவர் கை கண்ணுக்குப் போனது. இரண்டு வில்லைகளையும் எடுத்துவிட்டுக் குனிந்து மகனைப் பார்த்தார். அவர் அட்டையும் அணைந்தது, கவனிக்கவே இல்லை.

"இத்தன நாளும் பசிதான் மலரு" என்றார். "வேற ஒண்ணுமே இல்ல."