மருமகளுக்கு ஜன்னல் சீட்

"முந்நூறு வெள்ளியா? டிக்கெட்டுக்கா?"

"டிக்கெட்டுக்குத் தனி. இது புக் பண்ணிக் கொடுக்கிறதுக்கு."

எதிரே நின்றவன் புருவத்தை உயர்த்தினான். நல்ல புருவம்தான்... அதற்குக் கீழே இருந்த கண்கள் அதைவிட நல்ல கண்கள்தான்... ஆனால் மோகனா எதையும் ரசிக்கும் நிலையில் இல்லை. காலையிலிருந்து இரண்டு பேர் அவளிடம் விவரமெல்லாம் கேட்டுக்கொண்டு, அவள் கண்ணெதிரிலேயே கைப்பேசியில் சொந்தமாக டிக்கெட் எடுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

மலேசியாவின் மலாக்கா நகரில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்தது அந்தப் பயண நிறுவனம். முதலாளி காளிமுத்து. டிக்கெட் வேலை முழுவதும் மோகனா. கோலாலம்பூரிலிருந்து சென்னை போய்த் திரும்புவது என்றால் புக் பண்ணும் கட்டணம் கொஞ்சம்தான். இவன் கொண்டு வந்திருப்பதோ வேறு ரகம். முதலில் சென்னை. அங்கிருந்து யாழ்ப்பாணம். கொழும்பில் ஏறி லண்டன். அப்புறம் ஓஸ்லோ. அங்கிருந்து வீடு. மூன்று பேர், ஆளுக்கு நூறு வெள்ளி என்று அவள் சொன்னதற்குத்தான் இந்தப் புருவம்.

இணையத்தில் இதெல்லாம் இலவசம் என்றான் அவன். அப்படியென்றால் இத்தனை படி ஏறி வந்திருக்க வேண்டாமே என்றாள் அவள்.

"பட்டனை நானும் அமத்தலாம்தானே?"

"தாராளமா அமுத்துங்க லா. சென்னை பிளைட் லேட்டாச்சுன்னா, யாழ்ப்பாணம் பிளைட் உங்களுக்காக நிக்காது. அடுத்து என்னா பண்றதுன்னு அந்தப் பட்டனையே கேளுங்க. என்கிட்ட போட்டா, எந்த ஊர்ல மாட்டிக்கிட்டாலும் நான் போன் எடுப்பேன். அந்த நூறு அதுக்குத்தான்."

அவன் யோசித்து வருவதாகக் கூறிவிட்டுப் படியிறங்கினான். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தான்... எதற்குத் திரும்ப வேண்டும்? போகிறவன் போக வேண்டியதுதானே!

மறுநாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் கண்ணாடியில் நீரை வாரி இறைத்தது. கதவு திறந்தது. தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அவனே நின்றான். இமைகளில் இரண்டு துளிகள்... விழலாமா வேண்டாமா என்று யோசிப்பவை போல.

"லண்டன் பிளைட் கொழும்பில கிளம்புற நேரம், நான் இன்னும் யாழ்ப்பாணத்தில நிக்கிறன்" என்றான், குற்றவாளி போல. "அப்படித்தான் புக் பண்ணப் பார்த்தேன். நல்ல காலம், காசு கட்டேல்ல."

மோகனாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். முடியவில்லை. அவனும் சிரித்தான்.

பெயர் நகுலன். சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினியர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் உத்தியோகத்துக்காக மலாயாவுக்கு வந்தவர்கள். கூட வருகிறவர்கள் அக்கா சந்திராதேவியும், ரோகினியும். ரோகினி யார் என்று கேட்டாள்.

"என்ட மருமகள்."

"உங்களுக்கு மருமகளா? மகனுக்கு எத்தனை வயசு?"

"ஐயோ... அக்காவின்ட மகள். நாங்க அப்படித்தான் சொல்லுறது."

அக்கா மகள் என்றதும் மோகனா மனத்தில் இரட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்துகொண்டாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம், வந்ததும் கொண்டு வருகிறேன் என்றான் நகுலன்.

அதன் பிறகு அவன் வந்துகொண்டே இருந்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் கூடுதலாக வேண்டும் என்று ஒரு தடவை. லண்டனில் இறங்குவது காலையாக இருந்தால் தேவலை என்று இன்னொரு தடவை. போனில் சொல்லியிருக்கலாம். வாட்சப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆலையில் ஷிப்ட் முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில்தான் வருவான். ஒவ்வொரு முறையும் மோகனா எல்லா ஊர்களையும் கலைத்து மறுபடி அடுக்கினாள். முகம் சுளிக்கவில்லை. கடைக்கு வருகிற ஆண்கள் அத்தனை பேரையும் 'அண்ணே' என்று கூப்பிடுகிறவள், இவனை மட்டும் அப்படிக் கூப்பிடவில்லை என்பதை ஒருநாள் வீடு இருக்கும் பத்து பெரண்டாமுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது தானே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்து, யாரும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை அவன் தனியாக வரவில்லை.

கூட வந்தவளுக்கு வயது இருபத்து நான்கு இருக்கும். மெலிந்த உயரம். வெயிலில் வந்தும் வாடாத முகம். அவளுடைய கைப்பை நகுலன் தோளில் தொங்கியது.

"இதுதான் ரோகினி" என்றான் அவன்.

இரட்டைச் சடைப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து ஓடிவிட்டாள். மோகனா பாஸ்போர்ட்டை வாங்கினாள். அதில் உள்ள படத்தில்கூட அவள் அழகாக இருந்தாள். பாஸ்போர்ட் படத்தில் எவளாவது அழகாக இருப்பாளா?

மோகனா தே ஓ ஐஸ், அதாவது பால் சேர்க்காத ஐஸ் தேநீர், வரவழைத்தாள். ரோகினி கிளாஸை எடுப்பதற்குள் நகுலன் அதைத் தன் பக்கம் நகர்த்தினான். ரோகினிக்கு ஐஸ் ஆகாதாம். குடித்தால் இரவெல்லாம் தும்முவாளாம். இரவெல்லாம் தும்முவது இவனுக்கு எப்படித் தெரியும்... என்று ஓடிய மனத்தை மோகனா இழுத்துப் பிடித்தாள்.

"மாமா சும்மா சும்மா டேட் மாத்துறார், அக்கா" என்று ரோகினி அவளிடம் புகார் சொன்னாள். "உங்களுக்குத்தான் கரைச்சல்."

லண்டனில் என்ன விசேஷம் என்று மோகனா கேட்டாள்.

"இவளின்ட கல்யாணம்" என்றான் நகுலன். முகமெல்லாம் பெருமை. "சொந்தக்காரர் எல்லாரும் அங்கதானே. இவளுக்குத் தகப்பன் இல்லை. தாய்மாமன் நான் இல்லாமல் ஒண்டும் நடக்காது."

தாய்மாமன்... அக்கா மகள்... கல்யாணம்.

மோகனாவுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவளுடைய அம்மா மாரியம்மா கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமனைத்தான். ரப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்தில் பாதிக் கல்யாணம் அப்படி. அக்கா மகள் பிறந்த அன்றே மாப்பிள்ளை முடிவாகிவிடும்.

"ரோகினிக்கு ஜன்னல் சீட் வேணும்" என்றான் நகுலன். "எனக்கு அவளுக்குப் பக்கத்தில."

"சரிங்கண்ணே" என்றாள் மோகனா.

அவன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அவள் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பில்லில் முந்நூறு இருக்க வேண்டிய இடத்தில் அறுநூறு இருந்தது. மாற்றங்களுக்கான கட்டணம் என்றாள். முதலிலேயே சொல்லவில்லையே என்றான் அவன். கேட்கவில்லையே என்றாள் அவள். நகுலன் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தான். பேரம் பேசுவான், சண்டை பிடிப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் காசைக் கட்டிவிட்டு, ஒரு வார்த்தை இல்லாமல் போனான். அதுதான் அதிகமாகச் சுட்டது.

அவர்கள் போன பிறகு அவள் டிக்கெட்டுகளை அடித்தாள். ரோகினிக்கு ஜன்னல். பக்கத்தில் சந்திராதேவி. நகுலனுக்கு அங்கிருந்து இருபது வரிசை தள்ளி, கழிவறைக் கதவை ஒட்டி, நடு இருக்கை. எல்லா விமானத்திலும். அன்றே அவனுக்கு மின்னஞ்சலில் அனுப்பியும்விட்டாள்.

வீட்டில் அன்று இரவு, "மாமா, சாப்பிட வாங்க" என்று அம்மா அப்பாவை அழைத்தாள். பிறந்ததிலிருந்து கேட்கிற குரல். மோகனா தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். பசிக்கவில்லையா என்று அப்பா பெரியதம்பி கேட்டார். தலைவலி என்றாள். ரோகினியும் ஒருநாள் இப்படித்தான் கூப்பிடுவாள்... இந்நேரம் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். அவன் எனக்கு யார்? டிக்கெட் எடுக்க வந்தவன். எடுத்தாயிற்று. போகட்டும். இதற்கெல்லாமா ஒருத்திக்குக் கண் கலங்கும்?

திங்கட்கிழமை காலை காளிமுத்து கணக்கைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். டிக்கெட் அடிப்பதற்கு முன்னால் எத்தனை தடவை மாற்றினாலும் இந்தக் கடையில் காசு வாங்குவதில்லை. அது அவளுக்கே தெரியும்.

"சிக்கலுக்கு வாங்கு, வேணாங்கல. இது என்னாம்மா? அந்த ஆளு நெட்ல ஒரு வார்த்தை எழுதினா நம்ம கடைய மூடிற வேண்டியதுதான். போன் போட்டு வரச் சொல்லு. காச நீயே கையில குடு."

மோகனா போனை மூன்று தடவை எடுத்து வைத்தாள். நான்காவது தடவை அதுவே அடித்தது. நகுலன்தான். நேரில் வருகிறேன், கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றான். குரலில் சிரிப்பு இல்லை.

அவன் வந்தபோது காளிமுத்து தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தார். மோகனா முந்நூறு வெள்ளியை ஓர் உறையில் போட்டு மேசைமேல் வைத்தாள். தவறாக வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அவன் உறையைத் தொடவில்லை. அச்செடுத்து வந்த டிக்கெட்டுகளை விரித்து வைத்தான்.

"காசு கிடக்கட்டும். ரோகினிக்குப் பக்கத்தில எனக்கு சீட் கேட்டேன். அவளுக்கு பிளைட் எண்டா பயம். ஏறினதில இருந்து இறங்குமட்டும் என்ட கையைப் பிடிச்சுக்கொண்டுதான் இருப்பாள். நீங்க என்னைக் கொண்டுபோய் டாய்லட்டுக்குப் பக்கத்தில இருத்தியிருக்கிறீங்க. ஏன்?"

கையைப் பிடித்துக்கொண்டு... போதாதா? மோகனாவின் நாக்கு அவளை மீறிவிட்டது.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஆயுசுக்கும் கையப் புடிச்சுக்கிட்டுத்தானே இருக்கப் போறீங்க? கொஞ்ச நேரம் தள்ளி உக்காந்தா என்னா கொறைஞ்சா போயிரும்?"

"ஆருக்கும் ஆருக்கும் கல்யாணம்?"

"உங்களுக்கும் உங்க அக்கா மகளுக்கும்."

நகுலனின் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என்ன கதைக்கிறீங்க? அவள் எனக்குப் பிள்ளை மாதிரி. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. எங்கட ஆக்கள் அக்காவின்ட மகளைக் கட்டுறேல்ல. நினைக்கவும் மாட்டம். மாப்பிள்ளை லண்டன் பொடியன். சிங்கப்பூரில வேலை."

"எங்க வீட்டுல..." மோகனா காசு உறையை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "எங்கம்மா எங்கப்பாவ இன்னிக்கும் மாமான்னுதான் கூப்பிடுறாங்க. அவர் அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். எங்க ஆளுங்கள்ல அக்கா மகதான் மொத முறை. நீங்க தாய்மாமன்னீங்க... கல்யாணம்னீங்க... நான் வேற என்னா நெனைக்கிறது?"

அவன் அடுத்த கணம் அந்த மேல்மாடி அதிரும்படி சிரித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். மோகனாவுக்கு அவமானமாக இருந்தது... அழுகை வந்தது... அதற்கும் அடியில் எங்கேயோ மழை பெய்து முடித்த தரைபோல் குளிர்ந்துகொண்டு வந்தது. ஒரே ஊர்க் கடைத்தெருவில் நடக்கிறோம், ஒரே மொழியைப் பேசுகிறோம்... இவனுக்கு மகளாக இருப்பவள் எங்கள் ஆட்களுக்கு மணப்பெண்ணா!

சிரிப்பு நின்றது. அவன் கேட்டான்.

"சரி. அப்படியே நான் அவளைக் கட்டுறதா இருந்தாலும், உங்களுக்கு ஏன் கோபம்?"

மேசைமேல் இருந்த பேனாவை அவள் திறந்து திறந்து மூடினாள்.

"நான் சொல்லட்டா?" என்றான் நகுலன் மெதுவாக. "லண்டனில காலையில இறங்கினால் என்ன, பின்னேரம் இறங்கினால் என்ன? எனக்கு இங்க வர ஒரு காரணம் வேணும். வேற ஒண்டும் கிடைக்கேல்ல. அண்டைக்கு நீங்க 'அண்ணே' எண்டதும் வீட்டை போய் எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல."

மோகனா நிமிர்ந்தாள். கலங்கிய கண்களை மறைக்கவில்லை.

"எனக்கும்தான் இறங்கல" என்றாள்.

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் கை மேசைமேல் கொஞ்சம் நகர்ந்தது. அவள் கை பின்வாங்கவில்லை.

லண்டனிலிருந்து திரும்பியதும் அக்காவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு அவள் வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டான். அவள் தலையசைக்கத்தான் போனாள். அதற்குள் ஒரு சந்தேகம்.

"கல்யாணத்துக்கு உங்க சொந்தக்காரப் பொண்ணுங்க வருவாங்களா?"

"ஓம். மாமாமாரின்ட மகள்மார், மாமிமாரின்ட மகள்மார்... ஏழெட்டு மச்சாள்மார் இருப்பினம்."

"அவங்களக் கட்டலாமா? உங்க ஆளுங்க முறையில?"

நகுலன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத கண்கள் அவனுக்கு.

"அவையளைக் கட்டலாம்..."

மோகனா அவன் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப போறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வாங்க. இந்த ஞாயித்துக்கிழம."