வெட்டுப்பட்ட பிறேக் குழாய்

சனிக்கிழமை, காலை எட்டு மணி.

கல்முனைக்குடிக் கடற்கரையோரம் பக்கீர் முகைதீன் முதலாளியின் வளவில், படகு ஏற்றும் றெயிலர் நின்றது. அதன் பிறேக் குழாய் இரண்டாகப் பிரிந்து தொங்கியது. நேற்று அதன் சில்லு ஏறித்தான் படகில் வேலை செய்யும் குணத்தின் கால் நசுங்கியது. றெயிலரைத் திருத்திய மெக்கானிக் றம்ஸீனை முதலாளியின் பேச்சைக் கேட்டு இரவே பொலிஸ் கூட்டில் அடைத்துவிட்டார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் பவிதரனுக்கு அது பிடிக்கவில்லை. காசுள்ளவன் விரலை நீட்டினால் போதுமா? விசாரணை என்று ஒன்று வேண்டாமா?

கூட்டுக்குள் இருந்த றம்ஸீன் சொன்னது காதிலேயே நின்றது. "குழாய் பூட்டின நான், ஒயில் ஊத்தல்ல சேர். சனிக்கிழம வந்து ஊத்துறன் எண்டு சொல்லிட்டுத்தான் போன. வெள்ளிக்கிழம, ஜும்மா நாளுல, நம்மட ஊருல ஆரு படகு இறக்குற?"

முதலாளியின் கதை வேறு. "வயரும் பிறேக் குழாயும் புதுசாப் போட்டு, வியாழக்கிழமையே வேல முடிஞ்செண்டு தந்தான் சேர். லைற்றெல்லாம் நல்லா எரிஞ்ச. நேத்து கொழும்பு விருந்தாளிகளுக்குக் கடல் காட்டப் போனா, சரிவுல குழாய் வெடிச்சி ஒயில் முழுக்க ஊத்துண்டு போச்சி. ஒயில் டப்பா காலி, பாருங்க."

"றெயிலர் தண்ணிக்குள்ள இறங்கினதா?"

"எங்க சேர், அதுக்கு முந்தியே இந்தக் கருமம்."

"பிறகு கழுவினீங்களா?"

"கழுவுற நேரமா அது?"

பவிதரன் குனிந்தார். குழாயின் முனை வெடித்ததுபோல் இல்லை, வாளால் அறுத்ததுபோல் நேராக இருந்தது. றம்ஸீன் பூசியிருந்த புது நீலப் பெயின்ற் பளபளத்தது. வெட்டுக்கு நேர் கீழே விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு பிளேன்ரீ தாங்க முதலாளி."

பொலிஸ் ஜீப்பிலிருந்து கொஞ்சம் பிறேக் ஒயில் எடுத்துவரச் செய்து, றெயிலரின் மறுபக்கத்தில் சொட்டினார். தேநீரை ஆறுதலாகக் குடித்தார். பிறகு அந்த இடத்தை விரலால் தேய்த்தார். பெயின்ற் சுருங்கிக் கையோடு வந்தது.

"பிறேக் ஒயில் பட்ட இடத்துல பெயின்ற் நிக்காது. தண்ணியில இறங்கவும் இல்ல, கழுவவும் இல்ல; ஒரு டப்பா ஒயில் ஊத்துண்ட இடத்துல ஒரு பொட்டுக்கூட உரியல்லயே, ஏன்? குழாய்க்குள்ள ஒயிலே இருக்கல்ல. வேல முடியாத றெயிலர இழுத்துட்டுப் போய் மனிசன்ட கால நசிச்சிட்டு, திரும்பி வந்து குழாய வாளால அறுத்தது நீங்கதான்."

முதலாளி றெயிலரின் லைற்றைக் காட்டினார். "லைற் எரிஞ்சதே சேர். வேல முடிஞ்செண்டு நினைச்சிட்டன்."

"லைற் எரிஞ்சா பிறேக் புடிக்குமா? அவன் சொல்லிட்டுப் போயும் எடுத்தீங்க. உங்கட குத்தத்த அவன்ட தலையில போட உங்களுக்கு வெக்கமா இல்லயா? ஏறுங்க ஜீப்புல."

பொலிஸில் கூட்டைத் திறந்ததும் றம்ஸீன் வீட்டுக்கு ஓடவில்லை. முதலாளியை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"குணத்துட கால் தப்புமா சேர்?" என்றான்.

நேற்றிலிருந்து முதலாளி ஒருதரமும் கேட்காத கேள்வி அது.