ஏழாவது குழாய்

சோதனை முடிவில் ஏழாவது குழாய் காலியாக வந்திருக்க வேண்டும். முதல் ஆறில் இருந்தவை, தேங்காப்பட்டணத்து மீன்களின் குடலிலிருந்து பிரிஜா ஊசிமுனையால் பிரித்தெடுத்த, உறிஞ்சிகளால் கவ்விப்பிடிக்கும் தட்டைப்புழுக்கள். ஏழாவதில் அவளுடைய விரல் ரத்தம் ஒரு துளி. சோதனை புழுவின் மரபணுவை மட்டுமே பிடிக்கும், மனுஷ ரத்தத்தில் எதையும் காட்டாது என்று நிரூபிப்பதற்காக வைத்தது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஸ்பிரிட்டும் குடல்நாற்றமும் கலந்து மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மதியத்தில், வெளியூரிலிருந்து வந்த முடிவைக் கணினியில் திறந்தபோது, ஏழாவதிலும் மரபணு எழுத்துகள் வரிவரியாக நிறைந்திருந்தன.

"மீன் வெட்டின கையைக் கழுவாமெ வந்தா இப்பிடித்தான் பிள்ளே," என்று சிரித்தார் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ரசலையன். "கடப்புறத்து வாடை குழாய்க்குள்ளயும் கேறிப்போச்சு."

அவளும் சிரித்துவைத்தாள். கல்யாணமாகி எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை என்று எத்தனையோ பேச்சை விழுங்கியவள். பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் என்றால் கடைசி வரிசைக்கு நகர்ந்துவிடுவாள். கணவன் லிஜின் குவைத்திலிருந்து விடுப்பில் வந்துபோன பிறகு, இப்போதுதான் ஐந்தாம் மாதம். இரண்டு ஸ்கேனிலும் பிள்ளை முகத்தைத் திருப்பிப் படுத்திருக்கிறது என்றார்கள்.

புதுக் கையுறை, புது ஊசி, மறுபடியும் ரத்தம். இந்த முறை மாமியார் குளோரியின் விரலிலிருந்தும் ஒரு துளி வாங்கி எட்டாவது குழாயில் வைத்தாள்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. எட்டாவது காலி. ஏழாவது நிறைந்திருந்தது.

உருவத்தைப் பார்த்துக் குடும்பம் பிரித்த பழைய நூல்கள் தவறு, ஒன்றுக்கொன்று சாயலே இல்லாதவையும் ஒரே குடும்பமாக இருக்கலாம், மரபணுதான் கடைசிச் சாட்சி என்று அவளே இருநூறு பக்கம் எழுதியிருக்கிறாள். அந்தச் சாட்சியைக் கணினி இப்போது குடும்ப மரமாகக் கிளைகிளையாக வரைந்து காட்டியது. போன மாதத்து ரத்தம் மரத்தின் ஓரத்தில் தனியாக நின்றது. இந்த மாதத்து ரத்தம் உள்ளே வந்திருந்தது. இரண்டு புழுக்களுக்கு நடுவே. உடன்பிறப்பைப் போல.

தன் கையையே வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. கர்ப்பிணியின் ரத்தத்தில் அவளுடைய மரபணு மட்டும் இருப்பதில்லை. வயிற்றுப் பிள்ளையின் துணுக்குகளும் மிதக்கும்.

மழையில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாள். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அந்த மணத்துக்கு அடியில் ஆய்வுக்கூடத்து நாற்றம், மெல்லியதாக, தன் மூச்சிலிருந்தே வருவதுபோல. யாரிடம் சொல்வது? சொன்னால் இந்த வீட்டில் யார் நம்புவார்கள்? நம்பிவிட்டால் எட்டு வருடத்துப் பேச்சு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

"ஏன் மக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? எதாவது தின்னியா?"

"பசிக்கல மாமி."

"ரெண்டு உசிருக்குத் தின்னணும்லா. வயித்துல பிள்ளைக்கு அனக்கம் உண்டா?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது உள்ளே அசைந்தது. உதை இல்லை. துடிப்பும் இல்லை. பரந்த எதுவோ வயிற்றின் உட்சுவரை நக்கியபடி மெதுவாக ஊர்ந்தது. நின்றது. மறுபடியும் ஊர்ந்தது.

அவள் முகம் மாறியதைப் பார்த்துக் குளோரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈரக் கையை முண்டில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"தொடாதீங்க மாமி."

"போடி. எம்பேரப்பிள்ளை."

உள்ளங்கையை விரித்து பிரிஜாவின் வயிற்றில் பதித்தாள். கண்களை மூடி மாதாவை வேண்டினாள். உதடுகள் அசைந்தன. வேண்டுதல் பாதியில் நின்றது.

"ஏட்டி..."

கையை இழுத்தாள். சேலையோடும் தோலோடும் வயிறு ஒரு முனையாகக் கூம்பி, அந்தக் கையோடு சேர்ந்து எழும்பியது.

"கை வரமாட்டேங்கு மக்கா."

குளோரியின் புறங்கை நரம்புகள், ஒவ்வொன்றாக, ரத்தம் வற்றி வெளுக்கத் தொடங்கின.